சாப்பிடாமலே ஏறும் சர்க்கரை: கணையத்துக்குள் இன்சுலின் மட்டும்தானா?

ஏப்ரல் 21, காலை 7.10 (கேள்வி)

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 58 வயது, விசைப்படகுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஒரு வாரமாக வீட்டில்தான் இருக்கிறார். ஐந்து வருடமாக சுகர், மாத்திரை போடுகிறார். நேற்று ராத்திரி எட்டரைக்கு மூன்று இட்லி சாப்பிட்டார். பத்தரைக்குப் படுக்கும்போது மெஷினில் பார்த்தேன், 134. காலையில் எழுந்ததும் பார்த்தால் 171. நடுவில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை என்று சத்தியம் பண்ணுகிறார். அம்மா நம்பவில்லை. "ராத்திரி எழுந்து எதையோ திருடித் தின்னுட்டு கதை சொல்றாரு" என்று காலையிலேயே சண்டை. சாப்பிடாமல் சர்க்கரை ஏறுமா? ஏறினால் அது எங்கிருந்து வருகிறது?

ஏப்ரல் 21, இரவு 9.40

ஏறும் தம்பி. உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை. முதலில் போய் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன லேபில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே ஃபாஸ்டிங் கொடுக்க ஐந்தாறு பேர் படியில் உட்கார்ந்திருப்பார்கள். ரிப்போர்ட் வாங்க மறுபடி வரும்போது யாராவது ஒருவர் உங்கள் கேள்வியைக் கேட்டுவிடுவார். பக்கத்தில் மனைவியோ மகளோ நின்றால் அவர்கள் கண்ணில் அதே சந்தேகம் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆளுக்கு ரத்தம் சுமார் 5 லிட்டர். சுகர் 100 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம். மொத்த ரத்தத்தையும் சேர்த்தால் 5 கிராம், அதாவது டீக்கு ஒரு ஸ்பூன் போடுகிறோமே, அவ்வளவுதான். மூளை மட்டுமே மணிக்கு ஏறத்தாழ 5 கிராம் சர்க்கரையைச் செலவழிக்கிறது, நாம் தூங்கினாலும் அது நிறுத்துவதில்லை. அப்படியானால் ராத்திரி பத்தரைக்குப் படுத்தவர் பதினொன்றரைக்கே காலி ஆகியிருக்க வேண்டும். ஆகாமல் இருப்பதற்குக் காரணம் கல்லீரல். சேர்த்து வைத்ததிலிருந்தும், சர்க்கரை அல்லாததை சர்க்கரையாக மாற்றியும், 60 கிலோ ஆளுக்கு மணிக்குச் சுமார் 7 கிராம் வீதம் ராத்திரி முழுக்க ரத்தத்துக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் ஐம்பது கிராமுக்கு மேல்! உங்கள் அம்மா தேடுகிற அந்த சர்க்கரை இதுதான்.

கல்லீரலுக்கு "விடு" என்று சொல்வது குளுக்ககான் என்ற ஹார்மோன். "போதும், நிறுத்து" என்று சொல்வது இன்சுலின். இரண்டும் கணையத்தில்தான் உண்டாகின்றன, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் செல்களில். குளுக்ககான் ஆல்ஃபா செல்லில், இன்சுலின் பீட்டா செல்லில். சர்க்கரை நோயில் பீட்டா தளர்ந்துபோகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பீட்டா தளர்ந்தால் ஆல்ஃபாவைக் கட்டிப்போட ஆள் இல்லை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ரத்தத்தில் தேவைக்கு மேல் சர்க்கரை இருக்கும்போதும் அது "விடு, விடு" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

நாளைக்கு மறுபடி அளந்துவிட்டு எழுதுங்கள். அப்பா என்ன மாத்திரை போடுகிறார் என்பதையும் அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 22, காலை 5.35

ஷட்டர் திறப்பதற்குள் ஒரு வரி. குத்துவதற்கு முன்னால் அப்பாவைக் கை கழுவச் சொல்லுங்கள், சோப்பு போட்டு. நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு குத்துங்கள். இது மாம்பழக் காலம். போன மே மாதம் ஓர் அம்மா மெஷினில் 246 என்று அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். நரம்பில் எடுத்துப் பார்த்தால் 129. காலையில் பேரனுக்கு பங்கனப்பள்ளி நறுக்கிக் கொடுத்த கை! விரல் நுனியில் ஒட்டியிருந்த சாறு ரத்தச் சொட்டோடு ஸ்ட்ரிப்பில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 22, இரவு 10.20

கை கழுவியும் 166. சரி, ஏறுவது உண்மைதான். மாத்திரை மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மெட்ஃபார்மின் வேலை செய்கிற முக்கியமான இடமே கல்லீரல்தான். சர்க்கரை வெளியே விடுவதைக் குறைக்கும்.

ஏப்ரல் 24, இரவு 11.05

இந்த செல்கள் கணையத்தில் எங்கே இருக்கின்றன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கணையத்தின் பெரும்பகுதிக்கு ஹார்மோன் வேலையே கிடையாது. சோறும் மீனும் செரிக்கிற நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. அந்தப் பெரிய சதைப்பற்றுக்குள் ஆங்காங்கே சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும். ஒரு திட்டின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அப்படிச் சுமார் பத்து லட்சம் திட்டுகள் இருந்தும், எல்லாவற்றையும் சேர்த்தால் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான் தேறும். ஆனால் தன் அளவுக்குப் பல மடங்கு ரத்தத்தை அது வாங்கிக்கொள்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டும், ரத்தத்தைத் தொட்டுப் பார்த்து சர்க்கரையைச் சொல்கிற இடம் அல்லவா.

1869-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர் முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்து, இந்தத் திட்டுகளைத் தன் ஆய்வேட்டில் எழுதினார். எதற்காக இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதியும் வைத்தார். 1888-ல், 41 நிறைய ஐந்து நாள் இருக்கும்போது, மதீரா தீவில் இறந்துபோனார். அதற்கு அடுத்த வருடம்தான் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், அதற்குக் கடுமையான சர்க்கரை நோய் வந்தது. 1893-ல் லாகெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தத் திட்டுகளுக்கு லாங்கர்ஹான்ஸின் பெயரையே வைத்தார். தான் பார்த்தது என்ன என்று தெரியாமலே போய்விட்டாரே என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

ஒரு திட்டுக்குள் ஐந்து வகை செல்கள். பாதிக்கு மேல் பீட்டா. அடுத்து ஆல்ஃபா. இந்த இரண்டுக்கும் நடுவில் டெல்டா என்று ஒன்று, எண்ணிக்கையில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. அது சுரப்பது சோமட்டோஸ்டாட்டின், இரண்டு பக்கத்தையும் அடக்கிவைக்கிற ஹார்மோன். என் அப்பா ஹார்பரில் கிரேனுக்குக் கீழே நின்று சைகை கொடுக்கிற வேலை பார்த்தார். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. கையை நீட்டி நிறுத்தினால் தூக்குகிறவனும் நிற்க வேண்டும், இறக்குகிறவனும் நிற்க வேண்டும். டெல்டா செல்லைப் படித்தபோது எனக்கு அப்பாவின் அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. அந்த செல்லிலிருந்து நீளமான இழைகள் கிளம்பிப் பக்கத்து செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டும் சொற்பம். பி.பி. செல் கணையத்தின் தலைப்பகுதியில் அதிகம், சாப்பிட்ட பிறகு செரிமான நீரை மட்டுப்படுத்தும். எப்சிலான் செல் கிரெலின் என்ற பசி ஹார்மோனைச் சுரக்கும், ஆனால் பசிக்கு வேண்டிய கிரெலின் பெரும்பாலும் இரைப்பையிலிருந்துதான் வருகிறது.

படம் கேட்டவருக்கு: பீட்டா நடுவில் குவிந்திருக்கும், ஆல்ஃபா வேலி மாதிரி சுற்றி நிற்கும்.

ஏப்ரல் 25, காலை 6.00

நேற்றைய கடைசி வரி தப்பு. நடுவில் பீட்டா, சுற்றி ஆல்ஃபா என்பது எலிக்கும் சுண்டெலிக்கும். நான் படித்த புத்தகத்திலும் அந்தப் படம்தான் இருந்தது, அதையே இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தேன். மனிதனுக்கு ஆல்ஃபாவும் பீட்டாவும் டெல்டாவும் கலந்தே கிடக்கின்றன, ரத்தக் குழாய்களை ஒட்டி. வேலியே கிடையாது. பக்கத்து வீட்டுச் சத்தம் நமக்குக் கேட்கிற மாதிரி ஒன்று சுரப்பது மற்றதற்கு உடனே தெரியும்.

ஏப்ரல் 28, இரவு 10.50

"அப்படியானால் இந்த ஆல்ஃபாதான் வில்லன், அதை மருந்து கொடுத்து மொத்தமாக அடக்கிவிட்டால் என்ன?" என்று வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு நாளாக எழுதாமலே எழுந்துபோனேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

2009-ல் என் அப்பாவுக்கு 63 வயது. சுகர் வந்து பன்னிரண்டு வருடம். காலை ஃபாஸ்டிங் எப்போதும் 180, 190. ராத்திரி அவர் சாப்பிடுவது எனக்குத் தெரியும், அம்மா அளந்துதான் போடுவார்கள். அப்படியும் ஏறுகிறதே என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுப்படி அலமாரியில் ஒரு பழைய பால் பவுடர் டின்னில் வெல்லம் இருக்கும். அதற்கு மூடியில் ஓட்டை போட்டு, கம்பி கோத்து, சின்னப் பூட்டு மாட்டினேன். லேபில் ஏழு வருடம் வேலை பார்த்த பெண் நான். நம்பரைச் சரியாகப் போடத் தெரியும், அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை 204. நான் கத்தினேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. அன்றைக்கு ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டார், சாப்பாட்டைத் தொடவில்லை. பசியில்லை என்று பாயை விரித்துப் படுத்துவிட்டார். அம்மா என்னை எழுப்பியது மூன்று மணிக்கு. அவர் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. பேச்சு குழறியது, என்னை யாரென்று தெரியவில்லை, கையைத் தட்டிவிட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, "பக்கவாதம் மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கை நடுங்கி முதல் ஸ்ட்ரிப் வீணாகிவிட்டது. இரண்டாவதில் 38.

அம்மா சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றப் போனார்கள், புரை ஏறிவிட்டது. நல்ல வேளை, அதோடு நிறுத்தினோம். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு எம்.சி. ரோடு வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி. நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றியதும் கண் திறந்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க" என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன். அங்கிருந்த டாக்டர் விடவில்லை. விடாததும் சரியாகப் போயிற்று. நான்கு மணி நேரத்தில் மறுபடி 52-க்கு இறங்கியது.

அவர் போட்டுக்கொண்டிருந்தது கிளிபென்கிளமைடு. உங்கள் அப்பாவின் கிளிமிபிரைடுக்கு அது மூத்த உறவு. இரண்டும் பீட்டா செல்லைப் பிடித்து இன்சுலினைக் கறக்கிற மாத்திரைகள். சாப்பிட்டாரா இல்லையா என்று மாத்திரைக்குத் தெரியாது. வேறொரு நாளாக இருந்தால் ஆல்ஃபா செல் ஓடி வந்து குளுக்ககானைக் கொட்டி, கல்லீரலைத் திறந்துவிட்டுக் காப்பாற்றியிருக்கும், உடம்புக்கு அது முக்கியமான காவல். ஆனால் பக்கத்திலேயே இன்சுலின் பெருகிக் கிடந்தால் ஆல்ஃபாவின் வாய் கட்டுண்டுவிடும். சர்க்கரை நோய் பல வருடம் ஆனவர்களுக்கு அந்தக் குரலே மங்கிப்போகிறது. சாப்பிட்ட பிறகு அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமலும், இறங்கும்போது எழ வேண்டிய நேரத்தில் எழாமலும் போய்விடுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், ஆல்ஃபா வில்லன் இல்லை. அது இல்லாவிட்டால் சர்க்கரை இறங்குகிற இரவைத் தாண்டுவது கடினம்.

அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். வீட்டுக்கு வந்த அன்றே பூட்டை உடைத்துப் போட்டேன். டின் திறந்தே இருந்தது. அவர் கடைசிவரை அதைத் தொட்டதில்லை, சர்க்கரை இறங்கி லோ ஆகும்போதுகூட அம்மாவைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்வார்.

ஏப்ரல் 29, காலை 5.50

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. அந்த மாத்திரை எழுதிக் கொடுத்த இடத்தில், சாப்பிடாவிட்டால் போடாதே என்று யாரும் சொல்லவில்லை, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்கிற கிரியாட்டினினையும் அப்பாவுக்குப் பார்க்கவில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த மாத்திரை உடம்பில் தங்கிவிடும். அதனால்தான் இரண்டாவது முறையும் இறங்கியது.

லோ ஆனால், ஆள் தெளிவாக இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும்.

ஏப்ரல் 30, இரவு 9.15

மாத்திரை பீட்டாவை எப்படிக் கறக்கிறது என்று கேட்டவருக்கு. பீட்டா செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறுகிற வாசல்கள் உண்டு. சர்க்கரை உள்ளே போய் எரிந்து, செல்லுக்குள் சக்தி கூடியதும் அந்த வாசல் மூடிக்கொள்ளும். மூடினால் சுவரின் மின்னழுத்தம் மாறி கால்சியம் வாசல் திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும் தயாராக வைத்திருக்கும் இன்சுலின் பொட்டலங்கள் சுவரோடு ஒட்டி வெளியே கொட்டும். மாத்திரை செய்வது நேராகப் போய் அந்தப் பொட்டாசியம் வாசலைச் சாத்துவது. சர்க்கரை வந்து சாத்த வேண்டிய கதவை மாத்திரை சாத்திவிடுகிறது.

மே 4, இரவு 10.30

பெரம்பூரில் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் ஒரு சிஸ்டர் என்னைத் திருத்தியிருக்கிறார். நன்றி சிஸ்டர். விடிகாலை ஏற்றத்துக்கு முழுப் பொறுப்பையும் ஆல்ஃபா தலையில் கட்டியது சரியில்லை. தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது, விடியும் நேரத்தில் கார்ட்டிசால் ஏறுகிறது, இரண்டும் இன்சுலின் பேச்சை எடுபடாமல் செய்கின்றன. நோய் இல்லாதவருக்கு பீட்டா கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். சுகர் உள்ளவரின் பீட்டாவுக்கு அந்தக் கூடுதல் வராது. ஆக, கல்லீரலின் கதவு திறந்திருப்பதற்கு ஆல்ஃபா ஒரு காரணம், இவை மற்ற காரணங்கள்.

ராத்திரி லோ ஆகி, அதன் எதிர்வினையாகக் காலையில் ஏறுகிறது என்று நம் பகுதியில் பலரும் சொல்வார்கள். அப்படிப் பெரும்பாலும் நடப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் தம்பி, அப்பா கிளிமிபிரைடு போடுகிறவர். ஒரே ஒரு ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பிப் பாருங்கள்.

மே 9, காலை 6.05

காசிமேட்டுத் தம்பி அனுப்பியது: பத்தரைக்கு 138, மூன்று மணிக்கு 143, ஆறு மணிக்கு 169. எழுப்பியதற்கு அப்பா திட்டினாராம், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து நம்பரைப் பார்த்தார்களாம். லோ இல்லை. மூன்றிலிருந்து ஆறுக்குள்தான் ஏற்றம், அப்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததற்கு அம்மாவே சாட்சி.

இந்த மூன்று நம்பரையும் தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் ஃபாஸ்டிங் ரிப்போர்ட்டைவிட இந்தத் தாள் அவருக்கு அதிகம் சொல்லும். நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம். சாப்பாட்டை நிறுத்திப் பார்க்கவே வேண்டாம்.

மே 12, இரவு 11.20

வெறும் மீன் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை ஏறுமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள், நம் வட்டாரத்தில் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மீனில் இருப்பது புரதம். புரதம் ரத்தத்தில் கலந்ததும் பீட்டாவையும் தூண்டும், ஆல்ஃபாவையும் தூண்டும். ஏன் இரண்டையும்? சோறு இல்லாமல் மீன் மட்டும் உள்ளே போயிருக்கிறது என்று வையுங்கள். புரதத்தைத் தசையில் சேர்க்க இன்சுலின் வேண்டும். இன்சுலின் மட்டும் வந்தால் ரத்த சர்க்கரை இறங்கி ஆள் மயங்கிவிடுவார். அதனால் கூடவே குளுக்ககானும் வந்து கல்லீரலைத் திறந்து ஈடுகட்டுகிறது. ஆரோக்கியமான உடம்பில் சங்கரா மீன் குழம்பை எத்தனை முறை குடித்தாலும் சர்க்கரை அசையாமல் நிற்பது இந்த ஏற்பாட்டால்தான். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு நுணுக்கம்!

அத்தோ (பர்மா நூடுல்ஸ்) பற்றிக் கேட்டவருக்கு நேராகச் சொல்கிறேன். நூடுல்ஸ் மைதா, மேலே பொரித்த வெங்காயமும் எண்ணெயும். எண்ணெய் சேர்ந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரை நேரம் கழித்து ஏறி நீண்ட நேரம் நிற்கும். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்கு அளந்து, ஏறவில்லையே என்று சந்தோஷப்படக் கூடாது.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். அதே அளவு குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவதைவிட வாயால் குடித்தால் பீட்டா அதிக இன்சுலின் சுரக்கிறது. சாப்பாடு வந்துகொண்டிருக்கிறது என்று குடல் முன்கூட்டியே ஹார்மோன் மூலம் சொல்லி அனுப்புகிறது. ஜி.எல்.பி-1 அதில் ஒன்று. அது பீட்டாவை எழுப்பும், ஆல்ஃபாவை அடக்கும், அதுவும் சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும். வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் எல்லாம் அந்த ஹார்மோன் சீக்கிரம் சிதையாமல் காக்கிற மாத்திரைகள். தனியாகப் போட்டால் லோ ஆவது அரிது. என் அப்பாவின் காலத்தில் இவை புதிது, விலையும் அதிகம்.

மே 21, இரவு 10.10

சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனையை எதற்கு எடுக்கச் சொல்கிறார்கள் என்ற கேள்வி. பீட்டா செல் முதலில் செய்வது இன்சுலின் இல்லை, அதைவிட நீளமான ஒரு சங்கிலி. அதை நறுக்கினால் ஒரு பக்கம் இன்சுலின், வெட்டி எடுத்த துண்டு சி-பெப்டைடு, இரண்டும் சம எண்ணிக்கையில். டொனால்ட் ஸ்டைனர் 1967-ல் இதைக் காட்டினார். ஊசி இன்சுலினில் அந்தத் துண்டு கிடையாது. ஊசி போடுகிறவரின் ரத்தத்தில் சி-பெப்டைடு இருந்தால் அது அவருடைய சொந்த பீட்டா சுரந்ததுதான்.

போன வருடம் ஒல்லியான பையன் ஒருவன், 19 வயது, அவன் அம்மாவோடு வந்தான். சி-பெப்டைடு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பீட்டாவைத் தேடித் தேடி அழித்துவிட்டிருந்தது. ஆல்ஃபா அப்படியே இருக்கும், ஆனால் சில வருடத்தில் சர்க்கரை இறங்குவதைக் கேட்கிற காது அதற்குப் போய்விடும். இந்தப் பிள்ளைகளுக்கு லோ வந்தால் அவ்வளவு பயப்படுவது அதனால்தான். அந்த அம்மா, "என் பையன் இனிப்பே தின்ன மாட்டானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் வேலையை நிறுத்திவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தின்று வந்தது இல்லை என்று மூன்று முறை சொன்னேன்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பார்க்கிற இன்னொரு வகையும் உண்டு, கணையத்தில் கல் விழுந்து வருவது. வயிற்றில் எக்ஸ்ரே எடுத்தாலே வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அதில் கணையம் மொத்தமாகத் தேய்வதால் ஆல்ஃபாவும் சேர்ந்து குறையும். முதல் வகையில் வருகிற மாதிரி கீட்டோன் (கொழுப்பு எரிந்து சேரும் அமிலம்) அவ்வளவாக ஏறாததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

ஜூன் 1, இரவு 9.50

சும்மா ஒரு சரித்திரத் துணுக்கு. 1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு கணையச் சாறாக எடுத்த இன்சுலினை முதன்முதலாக ஊசி போட்டார்கள். அந்தக் காலத்து இன்சுலினில் ஒரு விசித்திரம் இருந்தது. சர்க்கரை இறங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஏறும். சுத்திகரிப்புக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். 1923-ல் கிம்பால், மர்லின் என்ற இருவர் அது தனிப் பொருள் என்று சொல்லி குளுக்ககான் என்று பெயர் வைத்தார்கள். அழுக்கு என்று ஒதுக்கியது இன்னொரு ஹார்மோன்! அப்படியும் அதற்குப் பல பத்தாண்டு மரியாதை கிடைக்கவில்லை. ரோஜர் அங்கர் 1959-ல் அதை ரத்தத்தில் அளக்க வழி செய்தார். 1975-ல் அவரும் ஓர்சியும், சர்க்கரை நோய் இன்சுலின் குறைவால் மட்டும் வருவதில்லை, குளுக்ககான் மிகுதியும் சேர்ந்த இரட்டைக் கோளாறு என்று எழுதினார்கள்.

நம் வட்டாரமும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. 1948-லேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் ஒரு பொது ஆஸ்பத்திரி தொடங்கினார், 1971-ல் அது சர்க்கரை நோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி ஆனது.

ஜூன் 13, இரவு 8.30

நாளையோடு தடைக்காலம் முடிகிறது. காசிமேட்டுத் தம்பி, இதைப் படித்தால் கடலுக்குப் போவதற்குள் அப்பாவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்த உடம்புக்குப் போட்ட மாத்திரை அளவு, வலை இழுக்கிற உடம்புக்கு அதிகமாகிவிடலாம். தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், வேலை முடிந்த பிறகும் பல மணி நேரம் இழுக்கும். கிளிமிபிரைடு அதன் பாட்டுக்கு பீட்டாவைக் கறந்துகொண்டிருக்கும். கரையில் என்றால் ஆட்டோ உண்டு. கடலுக்குள் என்ன செய்வது?

ஜூன் 19, இரவு 10.00

டாக்டர் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்திருக்கிறாராம். படகு போய் நான்கு நாள் ஆகிறது. போவதற்கு முந்தைய காலை ஃபாஸ்டிங் 149. அம்மாவே அப்பாவின் பையில் ஒரு டப்பா கடலை மிட்டாய் வைத்து அனுப்பினார்கள் என்று தம்பி எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள், கடலை மிட்டாய் லோ சுகருக்கு அவ்வளவு உதவாது. கடலையில் உள்ள எண்ணெய் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். அடுத்த தடவை குளுக்கோஸ் பவுடர் வாங்கி, மூன்று மூன்று ஸ்பூனாகச் சின்ன பிளாஸ்டிக் பையில் கட்டி, உப்புத் தண்ணீர் படாமல் இரண்டு உறை போட்டு வைக்கச் சொல்லுங்கள். நான்கு பொட்டலம் போதும். ஒன்றை அப்பாவின் பையில் வைக்காமல் படகில் கூட இருப்பவரிடம் கொடுத்து வைக்கட்டும், எதற்கு என்றும் சொல்லி.

கடலை மிட்டாய் இருக்கட்டும், லோ சரியான பிறகு சாப்பிட அதுவும் வேண்டும்.